சின்ன கலப்பின நாயை அடுக்குமாடி வீட்டில் பழக்குவது எப்படி: எதை முதலில், எதை அப்புறம்

எங்கள் வீட்டுப் பொட்டுவுக்கு 7 கிலோ எடை. அம்மா பாம், அதாவது நம் ஊரில் பொமரேனியன் என்று சொல்லும் வகை. அப்பா நங்கநல்லூர்த் தெருக்களில் எங்கோ இருக்கிறார். அவளைப் பழக்கி முடித்த பிறகு எங்கள் பிளாக்கிலேயே இன்னும் நான்கு குட்டிகளுக்குக் கூடமாட நின்றிருக்கிறேன். எல்லா வீட்டிலும் தப்பு ஒரே மாதிரிதான் நடக்கிறது. வந்த அன்றே "சிட்", "ஷேக் ஹேண்ட்" என்று ஆரம்பிக்கிறார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் நாய் அழகாகக் கை கொடுக்கும். ஆனால் ஹாலில் உச்சா போகும், காலிங் பெல் அடித்தால் கால் மணி நேரம் குரைக்கும், ஆள் வெளியே கிளம்பினால் எதிர்வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி அழும்.

வரிசை மாறிப்போவதால் வருவது பாதி. சின்ன நாய்தானே என்று எல்லாவற்றுக்கும் தூக்கிக்கொள்வதால் வருவது மீதி. லிஃப்டா, தூக்கு. தெரு நாயா, தூக்கு. விருந்தாளியா, தூக்கிக்கொண்டு போய் உள்ளறையில் விடு. 30 கிலோ லாப்ரடாரை அப்படித் தூக்க முடியாது, அதனால் அதற்கு வேறு வழியில்லாமல் கற்றுக்கொடுத்துவிடுகிறோம். இவற்றுக்கு யாரும் கற்றுக்கொடுப்பதே இல்லை.

2 முதல் 3 மாதக் குட்டியை மனதில் வைத்து எழுதுகிறேன். வளர்ந்த நாயைத் தத்தெடுத்தவர்கள் கடைசிப் பகுதியையும் சேர்த்துப் படியுங்கள்.

1. குட்டி வருவதற்கு முந்தைய வாரம்

முதல் வேலை வீட்டு ஆட்களிடம். தாத்தா "இங்க வாடா" என்பார், பையன் "கம் கம்" என்பான், இன்னொருவர் வெறும் பெயரைச் சொல்லி நாக்கைச் சொடுக்குவார். குட்டிக்கு அவை மூன்று வேறு சத்தங்கள். ஏழெட்டுச் சொற்களை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுங்கள்: வா, உட்கார், இரு, விடு, கீழே, படுக்கை, உச்சா. தமிழோ இங்கிலீஷோ, வீட்டுக்கு ஒரே சொல். காதுக்கு ஒன்றுபோல விழும் சொற்களைத் தள்ளுங்கள். "இரு", "இறங்கு" இரண்டையும் வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாட்டுக்குப் பிறகுதான் "இறங்கு" போய் "கீழே" வந்தது.

சோபாவில் ஏறலாமா, கட்டிலில் படுக்கலாமா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். குட்டியாக இருக்கும்போது ஏற்றிவிட்டு, ஐந்தாம் மாதத்தில் திட்டுவது நியாயமில்லை.

கலப்பில் என்ன இருக்கலாம் என்று ஒரு கண் வையுங்கள். நம் ஊரில் பாம் என்று சொல்வது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். அந்தக் கலப்பு குரைக்கும், அதனால் பத்தாம் பகுதியை முன்னாலேயே தொடங்குங்கள். டாஷ்ஹண்ட் ரத்தம் இருந்து முதுகு நீளமாக இருந்தால் கட்டிலிலிருந்து குதிக்கவே விடாதீர்கள், முதுகுத்தண்டுத் தட்டு நழுவும் ஆபத்து அந்த வகைக்கு அதிகம். ஷிட்சூ, பக் கலந்து மூக்கு சப்பையாக இருந்தால் சென்னை வெயில் மற்ற நாய்களைவிட இவற்றைச் சீக்கிரம் சாய்த்துவிடும்.

வாங்க வேண்டிய சாமான் அதிகமில்லை. குட்டியை ஒரு மூலையில் நிறுத்திவைக்க மடக்குத் தடுப்பு, படுக்கை, உச்சாவுக்கு விளிம்புள்ள ஒரு தட்டு, நீளம் 6 அடி கொண்ட லேசான கயிறு, சீப்பு, ஒரு பாட்டில் வெள்ளை வினிகர். கழுத்து பெல்ட்டில் கயிறு மாட்டாமல் மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் வாங்குங்கள். சின்ன நாய்களின் மூச்சுக்குழாய் மெலிசு. இழுக்க இழுக்க வாத்து கத்துகிற மாதிரி ஓர் இருமல் வரும். பெல்ட்டில் போன் நம்பர் தகடு மட்டும் தொங்கட்டும்.

டாக்டரையும் முன்கூட்டியே பார்த்துவையுங்கள். 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரைக்கும், 3 மாதத்தில் ரேபிஸ் ஊசி, அதன் பின் டாக்டர் சொல்லும் இடைவெளியில் தொடர வேண்டும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்கும். ரேபிஸ் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். மாநகராட்சி உரிமத்துக்கு அது வேண்டும்.

அசோசியேஷனில் யாராவது "நாய் வளர்க்கக் கூடாது" என்று கிளப்பினால், குடியிருப்போர் சங்கம் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. ஆனால் அந்தத் தாளைக் காட்டி வாக்குவாதம் செய்வதைவிட, குரைக்காத நாயைக் காட்டுவது சுலபம்.

2. முதல் மூன்று நாள்: கற்றுக்கொடுக்க எதுவும் இல்லை

சொந்தக்காரர்களைக் கூப்பிடாதீர்கள். குளிப்பாட்டாதீர்கள். குட்டி அம்மாவையும் கூடப்பிறந்தவற்றையும் விட்டு இன்றைக்குத்தான் வந்திருக்கிறது. இப்போது அது தெரிந்துகொள்ள வேண்டியது மூன்றே விஷயம்: சாப்பாடு எங்கே, தூங்குவது எங்கே, உச்சா எங்கே.

இரவில் அழும். சமையலறையில் தனியாகப் பூட்டிவைத்து, "அழுது பழகட்டும்" என்று விடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் தனிமை என்றாலே பயம் என்று முதல் ராத்திரியே பதிந்துவிடும், ஏழாம் பகுதியின் வேலை இரண்டு மடங்காகும். படுக்கையை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் போடுங்கள். அழுதால் கையைத் தொங்கவிட்டுத் தொட்டுக்கொண்டிருங்கள். ஒரு வாரம் கழித்துத் தினமும் ஓரடி ஓரடியாகப் படுக்கையை நகர்த்திக்கொள்ளலாம்.

3. உச்சா, கக்கா

இது முடியாமல் வேறு எதற்கும் போகாதீர்கள். வீட்டில் எல்லாருக்கும் எரிச்சல் வருவது இதனால்தான், எரிச்சலோடு இருப்பவரிடம் எந்தக் குட்டியும் பாடம் கேட்காது.

நேரம் பிடிபட்டுவிட்டால் முக்கால் வேலை முடிந்தது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுப் பத்து இருபது நிமிடத்துக்குள், விளையாட்டு முடிந்ததும், ராத்திரி படுக்கும் முன். இந்த நான்கு சமயமும் கேட்காமலே கொண்டுபோங்கள். அடக்கும் திறனுக்கு ஒரு கணக்கு உண்டு: வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்று கூட்டினால் அத்தனை மணி நேரம். 3 மாதக் குட்டிக்கு 4 மணி நேரம். அது உச்ச வரம்பு. விழித்து விளையாடிக்கொண்டிருக்கும்போது ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

சென்னையில் இரண்டு இடம் பழக்க வேண்டும், பால்கனித் தட்டு ஒன்று, தெரு ஒன்று. தடுப்பூசி முடியும்வரை தெருத் தரையில் விடக்கூடாது, குட்டிகளுக்கு ரத்த வயிற்றுப்போக்கு தரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால் முதலில் பால்கனி. தெரு பழகிய பிறகும் தட்டை எடுத்துவிடாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை பிடித்துக்கொண்டால் தெருவில் முழங்கால் தண்ணீர், சின்ன நாய்க்கு அது கழுத்தளவு. எலி மூத்திரம் கலந்த அந்தத் தண்ணீரில் லெப்டோ எனும் எலிக்காய்ச்சல் வரும் ஆபத்தும் இருக்கிறது.

கொண்டுபோய் நிறுத்தி, பேசாமல் இருங்கள். போக ஆரம்பித்ததும் மெதுவாக ஒரே தடவை "உச்சா" என்று சொல்லுங்கள். முடித்த இரண்டு விநாடிக்குள் வாயில் தீனி. வீட்டுக்குள் வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால், எதற்குக் கொடுத்தீர்கள் என்று அதற்குப் புரியாது. உள்ளே ஓடிவந்ததற்குப் பரிசு என்று எடுத்துக்கொள்ளும்.

தெருவில் போகத் தொடங்கிய பிறகு வரும் தப்பு வேறு. முடித்ததும் "சரி, வேலை ஆச்சு" என்று உடனே மேலே கூட்டிவந்துவிடுவார்கள். உச்சா போனால் வெளியே சுற்றுவது முடிந்துவிடும் என்று நாய் கணக்குப் போட்டு அடக்க ஆரம்பிக்கும். முடித்த பிறகு இன்னும் ஐந்து நிமிடமாவது நடங்கள்.

தட்டில் பேப்பர் போடுவது வழக்கம். நானும் போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் மாமனார் தரையில் விரித்துவைத்துப் படித்துக்கொண்டிருந்த பேப்பரின் நடுப்பக்கத்தில் பொட்டு வந்து உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனாள். அவள் மேல் குற்றமே இல்லை. பேப்பர் என்றால் உச்சா என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அன்றைக்கே தென்னைநார் மிதியடித் துண்டுக்கு மாறினேன். வீட்டில் வேறெங்கும் இல்லாத ஒரு பொருள் காலடியில் படும்படி இருக்கட்டும்.

ஹாலில் போய்விட்டால் திட்டாதீர்கள், மூக்கைத் தேய்க்காதீர்கள். திட்டு வாங்கிய குட்டி உச்சாவை நிறுத்தாது. உங்கள் கண்ணெதிரே போவதைத்தான் நிறுத்தும். அப்புறம் கட்டிலடியில் போகும், வெளியே கயிற்றில் நீங்கள் பக்கத்தில் நின்றால் போகாது. போகும்போதே பார்த்தால் கைதட்டி நிறுத்தித் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடுங்கள். பார்க்கவில்லை என்றால் துடைப்பதோடு விஷயம் முடிந்தது. பினாயில் வேண்டாம். நமக்கு அந்த வாசனை மேலே தெரியும், நாய்க்கு அடியில் இருக்கும் மூத்திர வாசனை அப்படியே தெரியும், திரும்ப அங்கேயே வரும். துணியால் ஒற்றி எடுத்து, வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து துடையுங்கள். மார்பிள் தரையில் மட்டும் வினிகர் கறை விடும், அங்கே செல்லப் பிராணிகளுக்கென்று விற்கும் என்சைம் கிளீனர் வாங்கிக்கொள்ளுங்கள்.

4. பெயரும் "ஜோர்" என்ற சொல்லும்

உச்சாவோடு கூடவே இதைத் தொடங்கலாம். பெயரைச் சொல்லுங்கள், திரும்பிப் பார்த்தால் தீனி. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை. திட்டும்போது பெயரைச் சொல்லக்கூடாது. "பொட்டு! ஏ பொட்டு! என்ன பண்ற பொட்டு!" என்று நாள் முழுக்க ஓடினால், அந்தச் சத்தம் மிக்ஸி சத்தத்தோடு சேர்ந்துவிடும்.

சரியாகச் செய்த அந்த நொடியைக் குறிக்க ஒரு சொல் வேண்டும். தீனியை எடுத்துக் கொடுக்க மூன்று நான்கு விநாடி ஆகிவிடுகிறது, அதற்குள் நாய் வேறு ஏதாவது செய்துகொண்டிருக்கும். "குட்", "நல்ல பொண்ணு" எல்லாம் சும்மா கொஞ்சும்போதும் சொல்கிறோம், அதனால் தேறாது. எங்கள் வீட்டில் "ஜோர்". முதல் இரண்டு நாள் ஒன்றும் செய்யச் சொல்லாமலே "ஜோர்" என்று சொல்லி ஒரு தீனி கொடுங்கள், ஒரு நாளைக்கு 20 தடவை. அந்தச் சொல்லைக் கேட்டதும் உங்கள் கையைப் பார்த்தால் பதிந்துவிட்டது என்று அர்த்தம்.

தீனி பொட்டுக்கடலையில் பாதி அளவு இருந்தால் போதும். 7 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 400 கலோரிதான் தேவை. தீனி அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. ஓர் அவித்த முட்டையில் 70 கலோரிக்கு மேல் இருக்கிறது, ஆக முழு நாளுக்கும் அரை முட்டைதான். தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் காலையிலேயே அன்றைய பங்கை ஒரு கிண்ணத்தில் நறுக்கிவைத்து "இது தீர்ந்தால் கிடையாது" என்று சொல்லிவிடுங்கள். உப்பில்லாமல் வேகவைத்த கோழி, முட்டை, பனீர், கேரட், பூசணி எல்லாம் ஆகும். திராட்சை, பாயசத்தில் போடும் கிஸ்மிஸ், சாக்லேட், வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. மிச்ச பிரியாணியில் வெங்காயம் இருக்கிறது என்பதை விருந்தாளிகளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

5. தொட்டால் சும்மா இருக்கப் பழக்குதல்

புதிதாக நாய் வளர்ப்பவர்கள் அடியோடு விட்டுவிடும் படி. பிறகு நகம் வெட்ட மூன்று பேர் பிடிக்க வேண்டியிருக்கும்.

காதைத் தொடு, ஜோர், தீனி. முன்கால் பாதத்தை ஒரு விநாடி பிடி, ஜோர், தீனி. உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார். வாலடி, அக்குள், விரல் இடுக்கு. தினமும் இரண்டு நிமிடம், ஒரு தடவைக்கு ஓர் இடம். உதறினாலோ உதட்டை நக்கினாலோ முகத்தைத் திருப்பினாலோ நீங்கள் அவசரப்படுகிறீர்கள். பாதி தூரத்துக்குத் திரும்புங்கள்.

இதற்கு இங்கே ஒரு தனிக் காரணம் உண்டு, உண்ணி. சென்னையின் சூட்டிலும் ஈரப்பதத்திலும் உண்ணி வருடம் முழுக்க இருக்கிறது, அது கொண்டுவரும் காய்ச்சல் நாயைக் கொன்றே போடும். வெளியே போய்வந்த ஒவ்வொரு தடவையும் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் அக்குளிலும் தடவிப் பார்க்க வேண்டும். அதற்கு விடாத நாயிடம் உண்ணி இருப்பது, அது சாப்பிடாமல் சுருண்டு படுத்த பிறகுதான் தெரியவரும்.

6. கடி

குட்டி கடிக்கும். நாலாவது மாதம் பால் பல் விழ ஆரம்பித்து ஏழு மாதம் வரை ஈறு அரிக்கும். கையை இழுத்தால் ஓடுகிற எலி மாதிரி துரத்தும். குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடினால் அதைவிட நல்ல விளையாட்டு உலகத்தில் இல்லை.

பல் பட்ட உடனே கையைத் தளர்த்தி, எழுந்து, தடுப்புக்கு அந்தப் பக்கம் அரை நிமிடம் போய் நில்லுங்கள். திரும்பி வந்து கடிக்கக்கூடிய ஒன்றைக் கொடுங்கள். ஃப்ரீசரில் வைத்த தடிமனான கேரட், ஈரத்துணியை முறுக்கி உறையவைத்தது. பழைய செருப்பைக் கொடுக்காதீர்கள். பழைய செருப்புக்கும் போன வாரம் வாங்கிய செருப்புக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது.

ரேபிஸ் ஊசி போடாத குட்டியின் பல் பட்டுத் தோல் கிழிந்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள். "நம்ம குட்டிதானே" என்று விடவேண்டாம்.

7. தனியாக இருத்தல்

லீவு போட்டு இரண்டு வாரம் கூடவே இருந்துவிட்டு, பதினைந்தாம் நாள் ஒன்பது மணி நேரம் ஆபீஸ் போவார்கள். அன்று சாயங்காலம் வாட்ச்மேன் வந்து, "சார், உங்க வீட்ல நாய் காலைலேர்ந்து அழுவுது" என்பார்.

நாலாம் நாளே தொடங்குங்கள். சாவியை எடுத்து மறுபடி வையுங்கள், எங்கும் போகாதீர்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போய் வாருங்கள். சாவியும் செருப்பும் "போகப்போகிறார்கள்" என்ற சேதியாக மாறும் முன் அவற்றை வெறும் சத்தமாக்கிவிட வேண்டும். அப்புறம் வாசல் கதவுக்கு வெளியே பத்து விநாடி, முப்பது, ஒரு நிமிடம், மூன்று நிமிடம். நேர்கோடாக ஏற்றாமல் நடுவே சின்னதையும் போடுங்கள். ஒவ்வொரு தடவையும் முன்பைவிட நேரமாகிறது என்று தெரிந்தால் நாய் கதவைப் பார்த்தே உட்கார்ந்திருக்கும்.

பழைய போனில் வீடியோ கால் போட்டு வைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து பாருங்கள். குட்டி பெருமூச்சு விட்டுப் படுத்தால் அடுத்த நேரத்துக்குப் போகலாம். கதவைப் பிறாண்டினால் அது தாங்கும் நேரத்தைத் தாண்டிவிட்டீர்கள், பாதியாகக் குறையுங்கள். கிளம்பும்போது கொஞ்சல் வேண்டாம். திரும்பி வந்ததும் அது நாலு காலும் தரையில் வைத்த பிறகு கவனியுங்கள்.

8. உட்கார், வா, விடு, இரு

எல்லாரும் முதலில் செய்வதை இப்போதுதான் செய்கிறோம். முன்வேலை முடிந்திருந்தால் ஒரு வாரத்து வேலை. மூன்று நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, சாப்பாட்டுக்கு முன்.

உட்கார்: தீனியை மூக்கிலிருந்து தலைக்கு மேலே பின்பக்கமாக நகர்த்தினால் புட்டம் தானாகக் கீழே போகும். அழுத்தி உட்காரவைக்காதீர்கள், சின்ன இடுப்பு. முழங்கால் போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். ஐந்தே முக்கால் அடி ஆள் மேலே குனிந்தால் 7 கிலோ நாய்க்கு அது மிரட்டல்.

வா: கூப்பிட்டு வந்தால் நல்லதே நடக்க வேண்டும். குளிக்கவைக்கவோ மருந்து ஊற்றவோ "வா" என்று கூப்பிடாதீர்கள், நீங்களே போய் எடுத்து வாருங்கள்.

விடு: இதற்கு மற்ற மூன்றையும் சேர்த்த நேரத்தைக் கொடுங்கள். நம் தெருவில் எங்கே பார்த்தாலும் கோழி எலும்பு. மூடிய கைக்குள் தீனி வைத்துக்கொள்ளுங்கள். நக்கும், பிறாண்டும், பொறுங்கள். மூக்கை எடுத்த நொடி "ஜோர்" சொல்லி மற்றக் கையிலிருந்து வேறு தீனி கொடுங்கள். கைக்குள் இருந்ததைக் கொடுக்கவே கூடாது. பிறகு திறந்த கை, பிறகு தரையில், பிறகு கயிற்றோடு அதைத் தாண்டி நடப்பது. வாயில் ஏற்கெனவே கவ்விவிட்டால் துரத்தாதீர்கள். துரத்தினால் விழுங்கிவிடும். முட்டைத் துண்டைக் காட்டிப் பண்டமாற்றுதான்.

இரு: கதவு திறக்கும்போது மட்டும் இருந்தால் எனக்குப் போதும்.

9. கயிறும் தெருவும்

தெருவை முதலில் கையிலிருந்தே பார்க்கட்டும். தூக்காதே என்று சொன்ன நானே இங்கே தூக்கச் சொல்கிறேன். 3 முதல் 14 வாரம் வரைதான் குட்டி புதியதைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் காலம், தடுப்பூசி முடியும்போது அது கடந்துவிடும். அதனால் தோள்பையில் வைத்து ஆட்டோ, ஹெல்மெட் போட்ட ஆள், குப்பை வண்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து காட்டுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தீனி.

அதே சமயம் வீட்டுக்குள் ஹார்னஸ். சாப்பிடும்போது இரண்டு நிமிடம் போட்டுக் கழற்றுங்கள். பிறகு கயிற்றை மாட்டி ஹாலில் இழுத்துக்கொண்டு திரியட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தபடி. பிறகு கயிற்றின் நுனியைப் பிடித்து நீங்கள் நடக்க, அது உங்கள் பக்கத்தில் வரும்போதெல்லாம் ஜோர். அடுத்து வராந்தா. அடுத்து லிஃப்ட்.

லிஃப்டில் ஒரு விஷயம் கவனம். நாய் வெளியே, ஆள் உள்ளே, கதவு மூடிவிட்டது என்றால் கயிறு இழுத்துக்கொண்டு போய்விடும். நாயை முதலில் உள்ளே விட்டு, கயிற்றைக் கையில் சுருட்டிக் குட்டையாகப் பிடித்துக்கொண்டே ஏறுங்கள். இழுத்தால் நீளும் சுருள் கயிற்றை அடுக்குமாடியில் வாங்கவே வாங்காதீர்கள்.

சின்ன நாய் இழுப்பது நமக்குத் தெரிவதில்லை. லாப்ரடார் இழுத்தால் தோள் கழன்றுவிடும். இது நாள் முழுக்க இழுத்தாலும் கையில் பூச்சி ஊர்கிற மாதிரிதான் இருக்கும். அதனால் கையை நம்பாமல் கயிற்றைக் கண்ணால் பாருங்கள். விறைத்தால் நின்றுவிடுங்கள். தொய்ந்தால் நடங்கள். முதல் வாரம் வீட்டு வாசலிலிருந்து நாலு வீடு தள்ளிப் போகவே பத்து நிமிடம் ஆகும், பரவாயில்லை.

நேரம் காலை ஐந்தரை, ஆறு. அப்போது ஒரு தொல்லை இருக்கிறது: கோலம். நாலு மாதத்தில் பொட்டு தரைத்தள மாமியின் கோலத்து நடுவில், சரியாகத் தாமரைக்குள், உட்கார்ந்துவிட்டாள். மாமி வாளியோடு வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, இவளுக்கு வேற எடமே கெடைக்கலையா?" என்றார். நான் ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்துக் கொடுத்தேன், அவர் மறுபடி போட்டார். அன்று முதல் பால்கனியில் ஒரு உச்சா முடித்த பிறகுதான் கீழே இறங்குவது. தண்ணீர் பாட்டிலும் கக்கா அள்ளப் பழைய கவரும் இல்லாமல் இறங்குவதில்லை.

சாயங்காலம் ஏழுக்கு மேல். நடுவே பகலில் இறங்க வேண்டியிருந்தால் தார் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதமும் வெந்துபோகும். இது தரைக்கு அரை அடி மேலே நடக்கிற பிராணி, ரோட்டின் அனல் நேராக வயிற்றில் அடிக்கும். அக்னி நட்சத்திர நாட்களில் ஏழு மணிக்கும் தரை சுடும், எட்டரைக்குப் போங்கள்.

தெரு நாய்கள். எதிரே பார்த்ததும் கயிற்றை விறைத்துப் பிடித்துத் தூக்கிவிடுவதுதான் எல்லாருடைய வழக்கம். கயிறு இறுகியதும் நம் நாய்க்கு "ஏதோ ஆபத்து" என்று சேதி போகிறது, மேலே போனதும் தைரியம் வந்து குரைக்கிறது, கீழே இருக்கும் நாய்கள் உங்கள் மேல் தாவுகின்றன. தூரத்திலேயே பார்த்து அரைவட்டமாக விலகி நடங்கள். ஓடாதீர்கள், முறைக்காதீர்கள். அவை நெருங்கிவிட்டால் உங்கள் நாயைக் காலுக்குப் பின்னால் விட்டு நீங்கள் நடுவில் நில்லுங்கள். கடிக்கவே பாய்கிறது என்றால்தான் தூக்குவது. உங்கள் தெரு நாய்களுக்குச் சோறு வைப்பவர் யாராவது இருப்பார். அவர் வைக்கும் நேரத்தில் நாலு நாள் தள்ளி நின்று பேச்சுக் கொடுங்கள். அவருக்கு வேண்டியவரின் நாய் என்று ஆனபிறகு அந்தக் கூட்டம் பொட்டுவை முகர்ந்து பார்த்து விட்டுவிட்டது.

முதல் வெளியுலா என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெசன்ட் நகர் பீச்சுக்குக் கொண்டுபோகாதீர்கள். பலூன், குதிரை, சுண்டல், ஆயிரம் கால். ஒரு நாளில் ஒரு மாத வேலை போய்விடும்.

10. பெல், விசில், வெடி

காலிங் பெல்லுக்கு நாய் குரைப்பதும் நாம் "ஷ்ஷ்! சும்மா இரு!" என்று கத்துவதும் அதன் காதுக்கு ஒன்றுதான், நீங்களும் சேர்ந்து குரைக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளும். பெல் சத்தத்தைப் போனில் பதிவு செய்து, காதில் விழுந்தும் விழாமலும் வைத்துப் போடுங்கள், படுக்கையில் ஒரு பிடி தீனியைத் தூவுங்கள். பத்து நாளில் சத்தம் கூடக்கூட, பெல் அடித்தால் படுக்கைக்கு ஓடும். அதற்குப் பிறகு பையனை வெளியே நிறுத்தி நிஜ பெல். இந்தப் பத்து நாளும் சாமான் கொண்டுவரும் தம்பிகளிடம் "பெல் அடிக்காம போன் பண்ணுங்க" என்று சொல்லிவையுங்கள். பழகிக்கொண்டிருக்கும்போது நிஜ பெல் ஆறு தடவை அடித்தால் பாடம் கலைந்துவிடும்.

குக்கர் விசிலும் மிக்ஸியும் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து அறையில் ஓடட்டும், தானாகப் பழகும். ஆடி மாத ஒலிபெருக்கி சொல்லிவிட்டு வரும். இறுதி ஊர்வலத்துப் பறையும் வெடியும் சொல்லாமல் வரும். அந்த மாதிரி நேரத்துக்கு ஜன்னலை மூடி, ஃபேனை வேகமாக வைத்து, பக்கத்தில் உட்காருங்கள். பயந்த நாயை அணைத்துக்கொண்டால் பயம் கூடும் என்பது வெறும் பேச்சு. தாராளமாக அணைத்துக்கொள்ளலாம்.

தீபாவளிக்கு ஆடியிலேயே ஆரம்பியுங்கள். பட்டாசுச் சத்தப் பதிவு, மெல்லிசாக, சாப்பிடும்போது. ஐப்பசி பிறந்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது. 2018 முதல் அரசு பட்டாசுக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் கொடுத்துவருகிறது. யாரும் அதோடு நிறுத்துவதில்லை, இருந்தாலும் நம் வேலைக்கு அது உதவும்: காலை ஐந்து மணிக்குள் ஒரு நடை, சாயங்காலம் நாலரைக்கு ஒரு நடை, மற்றதெல்லாம் பால்கனிக்குப் பதில் குளியலறையில் தட்டு. தட்டை இரண்டு வாரம் முன்பே அங்கே நகர்த்திவிடுங்கள். நடுங்கி எச்சில் வடிக்கிற அளவுக்குப் பயம் இருந்தால் டாக்டரிடம் மருந்து இருக்கிறது, கேட்டு வாங்கிவையுங்கள். மனிதர்களுக்கான தூக்க மாத்திரையை நீங்களாக உடைத்துக் கொடுக்காதீர்கள்.

11. மறந்துபோகும் மாதங்களும் வளர்ந்த நாயும்

ஆறு முதல் பத்து மாதத்துக்குள் ஒரு நாள், அழகாக வந்துகொண்டிருந்த நாய் "வா" என்றால் உங்களைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போகும். காலைத் தூக்கி சோபா முனையில் உச்சா போகும். வயது அப்படி. மூன்றாம் பகுதிக்குத் திரும்பி, குட்டி மாதிரியே ஒரு வாரம் நடத்துங்கள். கருத்தடை பற்றி டாக்டரிடம் பேச வேண்டிய சமயமும் இதுதான். பழகிய நாய் திடீரென்று ஒரே நாளில் பத்துத் தடவை உச்சா போனால் பயிற்சியை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள், சிறுநீர்ப்பை நோயாக இருக்கலாம்.

தெருவிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ இரண்டு மூன்று வயது நாயைக் கூட்டிவந்தவர்களுக்கும் வரிசை இதேதான். மூன்று மாறுதல்கள் மட்டும். இரண்டாம் பகுதியின் மூன்று நாளை மூன்று வாரமாக்குங்கள். முதல் வாரத்தில் சாதுவாக இருப்பது பயத்தால், அதை குணம் என்று எண்ணி விருந்துக்கு ஆள் கூப்பிடாதீர்கள். உச்சா சீக்கிரம் பழகும், ஏனென்றால் அடக்கத் தெரியும். ஆனால் மண்ணில் போய்ப் பழகியது தட்டில் போகாது, தட்டில் கொஞ்சம் தெரு மண்ணையே அள்ளிப் போடுங்கள், பிறகு வாரத்துக்கு ஒரு கைப்பிடி குறையுங்கள். ஐந்தாம் பகுதியை மிக மெதுவாகச் செய்யுங்கள். மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்த ஒரு மூன்று வயதுக்காரன் பின்காலைத் தொட விட ஐந்து வாரம் எடுத்துக்கொண்டான். தொட்ட அன்றுதான் விரல் இடுக்கில் பழைய கண்ணாடிச் சில்லு இருந்தது தெரிந்தது.